ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த குழந்தை: வலிக்கு எத்தனை மில்லி சிரப் கொடுக்கணும்?

டான்சில், ஹெர்னியா போன்ற ஆபரேஷன் முடிந்தால், அன்றைக்கோ மறுநாளோ குழந்தையை டிஸ்சார்ஜ் செய்துவிடுவார்கள். அதன்பின் வலியைக் கவனிப்பது வீட்டில் இருப்பவர்கள்தான். வேலம்பாளையம் மாதிரி பனியன் கம்பெனி ஊர்களில் அப்பா ஒரு ஷிஃப்ட், அம்மா ஒரு ஷிஃப்ட், நடுவில் பாட்டி. மூன்று பேர் மருந்து கொடுத்தால், குழப்பம் வரவும் வாய்ப்பு அதிகம்.

அளவு எப்படி?

வயதை வைத்து அல்ல, எடையை வைத்து. பாராசிட்டமால் என்றால் ஒரு வேளைக்கு, கிலோவுக்கு 15 மி.கி. வரை. 12 கிலோ குழந்தைக்கு 180 மி.கி. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. ஒரு நாளில் 4 முறைக்கு மேல் வேண்டாம். டாக்டர் வேறு அளவு எழுதியிருந்தால் அதுதான் கணக்கு.

எங்கே தப்பு நடக்குது?

5 மில்லியில் 120 மி.கி. உள்ள சிரப்பும் கடையில் இருக்கு, 250 மி.கி. உள்ளதும் இருக்கு. அதே 12 கிலோ குழந்தைக்கு முதலாவதில் 7.5 மில்லி, இரண்டாவதில் 3.6 மில்லி போதும். பாட்டில் மாறியது தெரியாமல் 7.5 மில்லியே ஊற்றினால் 375 மி.கி. உள்ளே போகும். இரு மடங்குக்கும் மேல்! இது தொடர்ந்தால் கல்லீரல் பாதிக்கப்படலாம். டோலோ 650-ஐ பாதியாக உடைத்துக் கொடுத்தாலும் 325 மி.கி. ஆகிவிடும்.

வீட்டு ஸ்பூன் வேண்டாம். அளவு மூடியோ, ஊசி இல்லாத சிரிஞ்சோ போதும்.

வேற மருந்து கொடுக்கலாமா?

இபுப்ரோஃபென் கொடுக்கலாமா என்பதை ஆபரேஷன் செய்த டாக்டரிடமே கேளுங்க. இபுப்ரோஃபெனும் பாராசிட்டமாலும் கலந்த சிரப்பும் விற்கிறது. அதோடு தனியாக பாராசிட்டமால் கொடுத்தால் டபுள் டோஸ். நிமெசுலைடை 12 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கொடுக்க மத்திய அரசு 2011-லேயே தடை போட்டது. ஆஸ்பிரினும் வேண்டாம். கோடீன், டிரமடால் குழந்தைகளின் மூச்சையே மந்தமாக்கலாம் என்பதால், 12 வயதுக்குள் வேண்டாம் என்று அமெரிக்க எஃப்.டி.ஏ. 2017-ல் அறிவித்தது.

அழுதால்தான் மருந்தா?

முதல் சில நாள் வலி அதிகம். டாக்டர் சொன்ன நேரப்படி கொடுத்தால், வலி ஏறுவதற்கு முன்பே அடங்கும். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டி, கொடுத்த நேரம், மில்லி, கொடுத்தவர் பெயர் எழுதுங்க. ஷிஃப்ட் முடிந்து வருபவர் முதலில் அதைத்தான் பார்க்கணும்.

எப்போ ஆஸ்பத்திரி?

மருந்துக்கும் அடங்காத வலி, ரத்தக்கசிவு, நிற்காத வாந்தி, வெகுநேரம் சிறுநீர் போகாதது, எழுப்பினாலும் எழாத தூக்கம், அளவுக்கு மீறி மருந்து போயிருப்பது: இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். அவசரம் என்றால் 108-ஐ அழைங்க. போகும்போது மருந்து பாட்டிலையும் அந்தத் தாளையும் கையில் எடுத்துட்டுப் போங்க.