ஒரே நாளில் பல் உறை

பல்லுக்குக் 'கேப்' எனப்படும் உறை பொருத்த, வாய் நிறைய அச்சுக் கலவையைக் கடித்துக்கொண்டு அமர்ந்திருந்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. அந்த அச்சு ஆய்வகத்திற்குச் சென்று உறையாகத் திரும்பச் சில நாட்கள் பிடிக்கும்.

இதற்கு மாற்றாக, 1985-இல் சூரிக் பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவர் வெர்னர் மோர்மனும் பொறியாளர் மார்கோ பிராண்டெஸ்டினியும் உருவாக்கிய முறை நடைமுறைக்கு வந்தது. சிறு கேமரா பல்லைப் படமெடுக்கும். கணினித் திரையில் வடிவம் தீட்டப்படும். இயந்திரம் பீங்கான் கட்டியை அவ்வடிவில் செதுக்கித் தரும்.

ஜிர்கோனியா உறையோ, இறுதி அளவைவிட ஏறத்தாழ 20 முதல் 25 விழுக்காடு பெரிதாகச் செதுக்கப்படுகிறது. சுமார் 1,500 டிகிரி செல்சியஸ் உலையில் சுடப்படும்போது சுருங்கி உரிய அளவை அடைகிறது.

எனினும், மருத்துவர் பல்லைச் சீர்செய்யும் நேர்த்தியே முதன்மையானது. உறையின் விளிம்பில் இடைவெளி இருப்பின் உள்ளே மீண்டும் சொத்தை விழும், செலவு இரட்டிப்பாகும்.

விபத்தினால் நேர்ந்தாலன்றி, பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள் இச்செலவை ஏற்பதில்லை. எனவே உறையின் பொருள், மொத்தக் கட்டணம், உத்தரவாதக் காலம் ஆகியவற்றை முன்னரே எழுத்தில் பெற்றுக்கொள்ளுமாறு வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.