பாட்டியின் கெண்டைக்காலை அளந்து பாருங்கள்

மாணவர்களே, இரவில் பாட்டி என்ன சாப்பிடுகிறார் என்று கவனித்ததுண்டா? ஜார்ஜ்டவுனில் பல வீடுகளில் அது ஒரு குவளை கோப்பி ஓவும் மூன்று கிரீம் கிரேக்கர் பிஸ்கட்டும்தான். "எனக்கு இது போதும் கண்ணு" என்பார். வயிறு அடங்கிவிடும். ஆனால் அந்தப் பிஸ்கட்டுகளில் உள்ள புரதம் ஏறத்தாழ 2 கிராம் மட்டுமே.

நம் தசை நாள்தோறும் கொஞ்சம் கரைகிறது; கொஞ்சம் புதிதாக உருவாகிறது. உருவாகும் வேலையைத் தூண்டுபவை, புரதம் செரித்துக் கிடைக்கும் அமினோ அமிலங்கள். அவற்றில் லியூசின் முக்கியமானது. இளமையில் கொஞ்சம் புரதம் வந்தாலே தசை வேலையைத் தொடங்கிவிடும். முதுமையில் அதற்குக் காது மந்தமாகிவிட்டது போல. உரக்கக் கூப்பிட்டால்தான் அசையும். அதாவது புரதம் கூடுதலாக வேண்டும்.

நடுவயதினருக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.8 கிராம் போதும். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும் என்று 2013இல் பன்னாட்டு நிபுணர் குழு ஒன்று பரிந்துரைத்தது. 50 கிலோ எடையுள்ள பாட்டிக்கு 50 முதல் 60 கிராம். அதையும் மூன்று வேளைக்கும் பிரித்துச் சாப்பிடுவது நல்லது.

சிக்கல் என்னவென்றால், தேவை கூடும் வயதில்தான் பசி குறைகிறது. வாசனையும் சுவையும் மங்குகின்றன, பல் ஒத்துழைப்பதில்லை. இனிப்பு நீர் வந்தவர்களில் சிலர், சீனியைக் குறைப்பதற்குப் பதில் மீனையும் பருப்பையும் நிறுத்திவிடுகிறார்கள். இதுதான் எனக்குப் பெரிய வருத்தம். தசை மெலிந்தவர் குளியலறையில் எளிதில் தடுமாறுவார். விழுந்து படுத்துவிட்டால், படுத்திருக்கும் நாள்களில் தசை இன்னும் வேகமாகக் கரையும்.

வீட்டிலேயே சோதிக்கலாம். தையல் நாடாவால் கெண்டைக்காலின் பருத்த பகுதியை அளந்து பாருங்கள். பெண்களுக்கு 33 சென்டிமீட்டருக்கும் ஆண்களுக்கு 34 சென்டிமீட்டருக்கும் குறைந்தால் கவனம் தேவை என்கிறது ஆசிய நிபுணர் குழுவின் 2019 அளவுகோல். அடுத்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் கிளினிக்கில் சொல்லுங்கள். இவை அறிகுறிகள்தாம், முடிவு சொல்ல வேண்டியவர் மருத்துவர்.

ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் உண்டு. 100 கிராம் கெம்போங் மீனில் ஏறத்தாழ 20 கிராம். தெம்பேயிலும் கிட்டத்தட்ட அவ்வளவே. பல் இல்லாதவர்களுக்குத் தௌஹூவும் குழைய வெந்த பருப்பும் வசதி. மீனில் முள் எடுத்துக் கொடுப்பது பேரப்பிள்ளைகளின் வேலை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.