வட்டுக்கு நிலையான பேர்

ஸ்டோரேஜ் பெட்டியிலிருந்து நெட்வொர்க் வழியாக ஒரு வட்டைச் சர்வருக்குக் கொண்டுவருகிறீர்கள். ஐஸ்கஸி முறை, 3260 போர்ட். லினக்ஸ் அதற்கு 'எஸ்டிபி' என்று பேர் வைக்கிறது. அதை நம்பி டேட்டாபேஸை அமைத்துவிடுகிறீர்கள். அடுத்த ரீபூட்டில் அதே வட்டு 'எஸ்டிசி' ஆகி நிற்கலாம். டேட்டா பத்திரமாகத்தான் இருக்கிறது. டேட்டாபேஸ் தேடும் இடத்தில் வேறு வட்டு உட்கார்ந்திருக்கிறது.

கெர்னல் வட்டுகளைக் கண்ட வரிசையில் எழுத்துக் கொடுத்துக்கொண்டே போகும். ஆஸ்பத்திரி டோக்கன் போலத்தான்: இன்று 2, நாளை 5. நெட்வொர்க்கில் வரும் வட்டுகளில் எது முந்தும் என்று யாராலும் சொல்ல முடியாது. மாறாமல் இருப்பது ஸ்டோரேஜ் பெட்டி ஒவ்வொரு வட்டுக்கும் கொடுத்திருக்கும் சீரியல் எண். அதைப் பிடித்துக்கொள்ளத்தான் லினக்ஸில் யுடெவ் என்ற கருவி இருக்கிறது. கெர்னல் டெவலப்பர் கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் 2003-இல் அறிமுகப்படுத்தியது. 2012-இல் சிஸ்டம்டியோடு சேர்ந்தது.

வட்டு தோன்றியதும் கெர்னல் யுடெவுக்குச் சொல்லும். யுடெவ் விதிக் கோப்புகளைப் பேர் வரிசையில் படிக்கும். சீரியல் எண்ணைக் கண்டுபிடித்துத் தருவது 60-இல் தொடங்கும் கோப்பு. உங்கள் கோப்பின் பேர் 50-இல் தொடங்கினால், அது படிக்கப்படும்போது சீரியல் இன்னும் வந்திருக்காது, விதியும் பொருந்தாது. 99 என்று தொடங்குங்கள்.

விதி ஒரே வரிதான். முதலில் நிபந்தனை: இது பிளாக் சாதனமா, சீரியல் இதுதானா? பிறகு செயல்: ஓனர் யார், குரூப் எது, மோடு 0660, கூடவே நீங்கள் விரும்பும் பேரில் ஒரு சிம்லிங்க். இங்கே ஒரு குறியில் நிறைய இருக்கிறது. ஒப்பிட இரண்டு சமக்குறி. மதிப்புக் கொடுக்க ஒன்று. சீரியல் நிபந்தனையில் ஒரு சமக்குறி விடுபட்டால் யுடெவ் அதை ஒப்பிடாது. அந்த எண்ணையே மதிப்பாக எழுதிவிடும். பிறகு சர்வரிலுள்ள எல்லா வட்டுக்கும் விதி பொருந்திவிடும், உங்கள் பூட் வட்டு உட்பட. சிம்லிங்குக்குக் கூட்டல் குறியும் சமக்குறியும் சேர்த்துப் போடுங்கள். வெறும் சமக்குறி போட்டால் முன்பே இருந்த மற்ற இணைப்புப் பேர்கள் போய்விடும்.

ஒரே வட்டுக்கு இரண்டு கேபிள் வழி வைத்திருந்தால் அது இரண்டு வட்டாகத் தெரியும், இரண்டுக்கும் ஒரே சீரியல். அப்போது இரு வழிகளையும் ஒன்றாக்கும் மல்டிபாத் உருவாக்கும் சாதனத்தின் மேல்தான் விதியை எழுத வேண்டும். மவுன்ட் செய்யும் வேலையை விதிக்குள் திணிக்காதீர்கள். யுடெவ் குறுகிய வேலைகளுக்கானது. மவுன்டை எஃப்எஸ்டேபில் எழுதி, நெட்வொர்க் வட்டு என்று குறிக்கும் 'நெட்டெவ்' வாய்ப்பையும் சேர்த்துவிடுங்கள்.

விதிகளைத் திரும்ப ஏற்றி, சிம்லிங்க் வந்துவிட்டதைப் பார்த்ததும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். அது போதாது. டேட்டாபேஸை ஏற்றும் முன் சர்வரை ரீபூட் செய்து, அதே பேர் அதே சீரியலைத்தான் காட்டுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.