மேனேஜர் ஆகணுமா? மரக்காணம் உப்பளத்துக்கு வாங்க!

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போனவர்கள், மரக்காணம் அருகே வெள்ளை வெளேர்னு உப்புக் குவியல்களைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் ஒரு தொழிற்சாலைதான். கூரை மட்டும் இல்லை.

அங்கே என்ன நடக்கிறது?

உப்புநீரைத் தேக்கி, வெயிலில் சுண்டவிட்டு, பாத்தி பாத்தியாக மாற்றுகிறார்கள். நீரின் அடர்த்தியை அளப்பது 'பாமே' டிகிரியில். கடல்நீர் சுமார் 3 டிகிரி. 25-ஐத் தொட்டால் உப்பு படியத் தொடங்கும். 29, 30-ஐத் தாண்டினால் மெக்னீசிய உப்புகள் சேர்ந்து தரம் கெடும். அதற்குள் மிச்ச நீரை வெளியேற்ற வேண்டும். எந்தப் பாத்திக்கு எவ்வளவு இடம், எப்போது வாருவது, வடகிழக்குப் பருவமழைக்கு முன் எவ்வளவு இருப்பு, லாரி எப்போது வரணும்... எல்லாமே நிர்வாகக் கேள்விகள். இதையே கார் ஆலையிலும், மருத்துவமனையிலும், டெலிவரி கிடங்கிலும் கேட்கக் கற்றுத்தருவதுதான் இண்டஸ்ட்ரியல் இன்ஜினீயரிங்.

மெக்கானிக்கலும் இதுவும் ஒண்ணா?

இல்லை. மெக்கானிக்கல் இயந்திரத்தைப் பார்க்கும். இது இயந்திரம், ஆள், பொருள், நேரம், பணம் எல்லாம் சேர்ந்து ஓடும் விதத்தைப் பார்க்கும். தரக் கட்டுப்பாடு, சப்ளை செயின், செலவுக் கணக்கு, வேலைமுறை ஆய்வு ஆகியவை முக்கியப் பாடங்கள்.

எங்கே படிக்கலாம்?

சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் இதற்கென்றே தனித் துறை உண்டு. திருச்சி என்ஐடியில் பி.டெக். புரொடக்‌ஷன் இன்ஜினீயரிங்கும், இண்டஸ்ட்ரியல் இன்ஜினீயரிங் அண்ட் மேனேஜ்மென்ட்டில் எம்.டெக்.கும் உள்ளன. இந்தத் துறைக்காகவே 1963-ல் மும்பையில் தொடங்கிய 'நிட்டி', 2023-ல் ஐஐஎம் மும்பை ஆனது. இந்தப் படிப்புக்கும் நிர்வாகத்துக்கும் எவ்வளவு நெருக்கம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

அப்போ எம்பிஏ வேண்டாமா?

பின்னால் படிக்கலாம். ஆனால் பட்டம் வாங்கியதும் மேனேஜர் நாற்காலி கிடைக்காது. முதல் சில வருஷம் பெரும்பாலும் ஷிஃப்ட், கணக்கு, உற்பத்திக் கூடம் என்றுதான் போகும். அங்கே கற்றதுதான் பிறகு மீட்டிங்கில் கைகொடுக்கும்.

கவனிக்க வேண்டியது

ஃபிரடெரிக் டெய்லர் 1911-ல் 'அறிவியல்முறை நிர்வாகம்' பற்றி எழுதிய காலத்திலிருந்தே இந்தத் துறை மேல் ஒரு புகார் உண்டு: 'ஆளை மெஷினாகப் பார்க்கிறது'. உப்பளத்தில் அந்தப் பார்வை எடுபடாது. கண்கூசும் வெயிலில், உப்புநீரில் நின்று வேலை செய்கிறவர்களுக்கு மழை வந்தால் வருமானமே நிற்கும். அதனால்தான் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலத்துக்காகத் தமிழக அரசு 2022-ல் 5,000 ரூபாய் உதவித்தொகை வழங்கத் தொடங்கியது. எத்தனை பேர், எத்தனை நாள் என்று மேனேஜர் போடும் கணக்கு, யாரோ ஒருவர் வீட்டு அடுப்படி வரை போகும்.

எனவே, கல்லூரியைத் தேர்வு செய்யும்போது பிளேஸ்மென்ட் சதவீதத்தோடு இதையும் கேளுங்கள்: "இன்டர்ன்ஷிப் எத்தனை வாரம்? எந்த ஆலையில்? அங்கே தொழிலாளர்களோடு உட்கார்ந்து பேச விடுவார்களா?"