மூச்சை எண்ணிப் பாருங்கள்

ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் நமுனுகுல மலை நாள்கணக்கில் மூடிக் கிடக்கும். பசறைத் தோட்டங்களில் லயத்துக்கு லயம் இருமல் கேட்கிற காலமும் அதுதான். "மழையில நனைஞ்சான், நெஞ்சுல சளி கட்டிருச்சு" என்பார்கள். இதில் பாதிதான் நியாயம். நுரையீரலின் காற்றறைகளில் நீரும் சீழும் கட்டுவதுதான் நிமோனியா; அது வருவது கிருமியால். வைத்தியசாலைக்கு வெளியே தொற்றுகிற நிமோனியாவில் முதல் ஆள் நியூமோகொக்கஸ் என்ற பக்டீரியா; இன்புளுவென்சா போன்ற வைரசுகளும் உண்டு. மழை செய்வது வேறு வேலை. கதவையும் ஜன்னலையும் சாத்த வைக்கிறது. பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் குடும்பமே நெருங்கிப் படுக்கிறது, ஈர விறகு புகைகிறது. மூச்சுக்குழாயில் அழுக்கை வெளியே தள்ளும் நுண்மயிர்களை அந்தப் புகை முடக்கிவிடும். ஒருவரின் இருமல் இன்னொருவருக்குப் போகிறது. மருந்தைப் பற்றிப் பேசுகிற அளவுக்குப் புகைபோக்கியைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது என் ஆதங்கம்.

வைத்தியரிடம் போனால் அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், போய்விடும். அதனால் பனடோல் கொடுத்து ஒரு நாள் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. அப்படிப் பார்க்கிறவர்கள் மூச்சையாவது எண்ண வேண்டும். பிள்ளை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, நெஞ்சோ வயிறோ ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள். 2 மாதம் நிறையாத சிசுவுக்கு 60, ஒரு வயதுக்குள் 50, அதற்கு மேல் 5 வயது வரை 40. இதைத் தொட்டாலே வேகமூச்சு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு; அன்றைக்கே காட்ட வேண்டும். மூச்சிழுக்கையில் விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்காவிட்டாலோ, உதடு நீலம் பாரித்தாலோ விடியட்டும் என்று இருக்கக் கூடாது. 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். மேட்டு லயம் என்றால் ரோட்டு வரை தூக்கிக்கொண்டு இறங்கத்தான் வேண்டும்.

வயதானவர்களிடம் இந்த நோய் ஏமாற்றும். காய்ச்சலே இருக்காது, சாப்பாடு இறங்காது, பேச்சு குழம்பும். "அப்பாயிக்கு வயசாயிருச்சு" என்று விட்டுவிடுவோம். அந்தக் குழப்பத்தையே வைத்தியர்கள் ஆபத்துக் குறியாக எடுக்கிறார்கள். அதோடு நிமிடத்துக்கு 30 மூச்சு, குறைந்த இரத்த அழுத்தம், இரத்தத்தில் கூடிய யூரியா, 65 வயது எல்லாம் சேரச் சேர, வார்டில் நிறுத்தி ஒட்சிசனும் ஊசிமருந்தும் கொடுக்கும் நிலை வரும்.

சாதாரண நிமோனியாவுக்குப் பெரும்பாலும் அமொக்சிசிலின் போதும். பழைய, மலிவான மருந்து. மருந்தைக் கம்பனிப் பெயரில் அல்லாமல் மூலப்பெயரில் வாங்கினால் ஏழைக்கும் எட்டும் என்று போராடியவர் சேனக பிபிலே. பசறையிலிருந்து லுணுகலை வழியாகப் போனால் வருகிற பிபிலைக்காரர். 1971இல் உருவான அரச மருந்துக் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர். அந்த மலிவு மருந்தையும் காய்ச்சல் விட்டதும் பாதியில் நிறுத்தி, மிச்சத்தை அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கொடுப்பதுதான் நம் பழக்கம். வைரசுச் சளிக்கு அது வேலையே செய்யாது.

2 வாரம் தாண்டிய இருமலுக்கு மூச்சை எண்ணிப் பார்ப்பது மட்டும் போதாது. காசநோயா என்று பார்க்கச் சளிப் பரிசோதனை வேண்டும். பதுளை மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் அதற்குக் காசு கேட்பதில்லை.