சேற்றில் வாழும் சமுதாயம்

குளத்துச் சேறு என்றால் காலைக் கழுவிக்கொண்டு அப்பால் போக வேண்டிய வஸ்து என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். ஆயினும் அதே சேற்றை ஒரு கண்ணாடி ஜாடியில் நிரப்பி, ஜன்னலோரத்தில் வைத்துச் சில வாரங்கள் பொறுத்திருப்போமானால், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களின் வாழ்க்கையை, பூதக்கண்ணாடியின் துணையுமின்றி, வர்ணப் பட்டைகளாகவே பிரத்தியட்சமாகக் காணலாம். கீவ் நகரில் 1856-இல் பிறந்த செர்கேய் வினோகிராட்ஸ்கி என்னும் விஞ்ஞானி 1880-களில் கண்ட உபாயம் இது. நுண்ணுயிர்களை இனம் இனமாகப் பிரித்துத் தனியே வளர்த்து ஆராய்வதில் மற்றவர்கள் ஊக்கங்கொண்டிருந்த அக்காலத்தில், அவை இயற்கையில் ஒன்றோடொன்று கூடி எவ்வாறு ஜீவிக்கின்றன என்று அறிவதையே அவர் பெரிதாகக் கொண்டார்.

கல்லும் வேரும் நீக்கிய சேற்றுடன், பொடியாகக் கிழித்த செய்தித்தாளையும், நொறுக்கிய முட்டையோட்டையும், ஒரு முட்டையின் மஞ்சள் கருவையும் பிசைந்து, உயரமான ஜாடியில் பெரும்பகுதி நிரப்பி, மேலே அக்குளத்து நீரையே விட்டு, வாயை இறுக்காமல் மூடிவைக்க வேண்டும். காகிதமும் ஓடும் கரிப்பொருளைத் தரும்; மஞ்சள் கரு கந்தகத்தைத் தரும்.

முதலில் எல்லாம் ஒரே பழுப்பாகத்தான் தோன்றும். பிராணவாயு எட்டாத அடிப்பகுதியில் சில பாக்டீரியாக்கள் காகிதத்தைச் சிதைக்க, அவை கழித்த அமிலங்களை வேறு சில உண்டு, அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை வெளியிடுகின்றன. அது சேற்றிலுள்ள இரும்போடு சேர, அடி கறுத்துவிடுகிறது. பிறகு, ஒரு மாத காலத்திலோ சற்றுப் பின்னரோ, அக்கருமைக்கு மேல் பச்சை நிறமும் அதற்கு மேல் ஊதா நிறமும் படர்கின்றன. இவை செடிகளைப் போலவே சூரிய ஒளியால் உணவு தயாரிக்கும் பாக்டீரியாக்களாயினும், செடிகள் நீரைப் பயன்படுத்தும் இடத்தில் அந்த விஷவாயுவைப் பயன்படுத்துவதால், பிராணவாயுவை வெளியிடுவதில்லை. நீரின் மேற்பரப்பில் வளரும் பாசியே அதை வெளியிடுகிறது. ஆக, மேலிருந்து பிராணவாயுவும் கீழிருந்து ஹைட்ரஜன் சல்பைடும் படிப்படியாகக் குறைந்து வர, ஒவ்வோர் இனமும் தனக்கு இசைந்த மட்டத்தில் குடியமர்கிறது.

ஸ்ட்ராஸ்பர்க் நகரில் பெக்கியாடோவா என்னும் இழை போன்ற பாக்டீரியத்தை ஆராய்ந்தபோது, ஹைட்ரஜன் சல்பைடு கிடைக்கையில் இழைக்குள் கந்தகத் துகள்கள் சேர்வதையும், கிடைக்காதபோது அவை மறைவதையும் கவனித்த வினோகிராட்ஸ்கி, ஒளியின்றியே, வெறும் ரசாயன மாற்றத்தின் சக்தியால் உயிர் வாழ்வது சாத்தியம் என்னும் மகத்தான உண்மையை 1887-இல் வெளியிட்டார்.

வீட்டில் செய்து பார்க்க விரும்புவோர், மற்றொரு ஜாடியை இதே கலவையால் நிரப்பிக் கருந்துணி சுற்றி வைத்தால், ஒளியின்றேல் பச்சையும் ஊதாவும் தோன்றாமையை ஒப்பிட்டு அறியலாம். நாற்றம் உண்டாதலால் காற்றோட்டமான இடத்தில் வைப்பதும், தொட்டபின் சோப்பால் கைகழுவுவதும் அவசியம். பட்டைகளின் உயரத்தை வாரந்தோறும் தேதியிட்டுக் குறித்துவரும் பிள்ளைக்கு, ஓர் உயிரின் கழிவே மற்றோர் உயிரின் ஆகாரம் என்னும் பாடத்தைப் புத்தகம் கொண்டு கற்பிக்க வேண்டியதில்லை.