சூடு மிஞ்சினால் மரம் வெடிக்கும்! - செட்டிநாட்டுக் கதவுகள் சொல்லும் பாடம்

காரைக்குடியிலும் கானாடுகாத்தானிலும் நகரத்தாரின் பெரிய வீடுகளைப் பார்க்கப் போகிறவர்கள், வாசற்கதவின் முன்னே சற்று நின்றுவிடுகிறார்கள். நிலையின் மேலே கஜலட்சுமி. சுற்றிலும் கொடியும் பூவும். நூறு வயதைத் தொட்ட கதவுகள் பல. எத்தனையோ கோடைகளைக் கண்டும், அவை நிலையோடு ஒட்டிச் சாத்துகின்றன.

புது வீட்டுக் கதவோ சில சமயம் ஒரே கோடையில் வெடித்துவிடுகிறது. இரண்டும் தேக்குதான். பிறகு ஏன் இந்த வித்தியாசம்? காரணம், மரம் காய்ந்த விதம்!

நின்றபடியே காய்ந்த மரம்

பழைய வீடுகளின் கதவுகளும் தூண்களும் பெரும்பாலும் பர்மாத் தேக்கு. வட்டித் தொழிலுக்காகப் பர்மாவுக்குக் கப்பல் ஏறிய நகரத்தார், அந்நாட்டுத் தேக்கை வரவழைத்து வீடு கட்டினார்கள். 1942-ல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அந்தத் தொடர்பு அறுந்தது.

பர்மாக் காடுகளில் அந்நாளில் தேக்கை எடுத்த எடுப்பில் வெட்டிச் சாய்த்ததில்லை. அடிமரத்தைச் சுற்றி, வைரம் தெரியும்வரை வளையமாக வெட்டி விட்டுவிடுவார்கள். நீர் ஏற வழியின்றி மரம் பட்டுப்போகும். இரண்டு மூன்று ஆண்டுகள் நின்றபடியே காயும். பிறகுதான் கோடரி விழும். பச்சைத் தேக்கு தண்ணீரில் மூழ்கும். காய்ந்தால்தான் ஐராவதி ஆற்றில் மிதக்கும். ஆற்றுக்காகச் செய்த ஏற்பாடு, கதவுக்கும் நன்மையாக முடிந்தது!

வெளியே வறட்சி, உள்ளே ஈரம்

மரத்தில் நீர் இரண்டு விதமாக இருக்கிறது. துளைகளில் தேங்கி நிற்பது ஒன்று. நாரின் சுவரில் ஊறியிருப்பது மற்றொன்று. முதலாவது வெளியேறும்போது மரம் சுருங்குவதில்லை. காய்ந்த எடையில் நூற்றுக்குச் சுமார் 30 பங்காக ஈரம் இறங்கிய பிறகு, நாரில் ஊறிய நீர் போகத் தொடங்கும். அப்போதுதான் சுருக்கம்.

சூடு அதிகமாகி, காற்றும் வறண்டிருந்தால் பலகையின் மேற்புறம் விரைவில் காய்ந்துவிடும். உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். மேற்புறம் சுருங்கப் பார்க்கும். உட்புறம் இடம் கொடுக்காது. இந்த இழுபறியில் மேற்புறம் கிழிகிறது. அதுதான் விரிசல்!

மேலே விரிசல் இல்லாத பலகையும் ஏமாற்றக் கூடும். மேற்புறம் முதலிலேயே இறுகிவிட்டால், பின்னால் சுருங்கும் உட்புறம் தேன்கூடு போல் பிளந்துவிடும். அறுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

பலமும் போய்விடும்

காய்ந்த மரம் பச்சை மரத்தைவிட அதிக பாரம் தாங்கும் என்பது உண்மையே. ஆனால் 100 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டிய வெப்பத்தில் நெடுநேரம் கிடந்தால், நார்களைப் பிணைக்கும் பொருள்களே சிதையத் தொடங்கும். அடி தாங்கும் சக்தி முதலில் குறையும். பிறகு மரம் முருங்கைக் கொம்பு மாதிரி படக்கென்று முறியும். மீண்டும் ஈரம் ஏற்றினாலும் போன பலம் திரும்பாது.

உலர்த்தும் அறை

டேராடூனில் 1906-ல் ஏற்பட்ட வன ஆராய்ச்சி நிலையம், நம் நாட்டு மரங்களை உலர்த்தும் முறைகளை ஆராய்ந்து வந்திருக்கிறது. எளிதில் வெடிப்பவை, நடுத்தரமானவை, தொல்லையின்றிக் காய்பவை என மரங்களை மூன்றாகப் பிரிக்கிறார்கள். தேக்கு நடுத்தரம்.

உலர்த்தும் அறை என்றால், கதவை மூடிச் சூட்டைக் கூட்டுவதல்ல. முதலில் மிதமான சூடு. காற்றில் நிறைய ஈரம். தேக்கு போன்ற மரங்களுக்கு 40 டிகிரிக்குச் சற்று மேலே தொடங்குவார்கள். மரத்தின் ஈரம் இறங்க இறங்கச் சூட்டைப் படிப்படியாக ஏற்றி, காற்றின் ஈரத்தைக் குறைப்பார்கள். முடிவில் நீராவி விட்டு, பலகைக்குள் தங்கிய இறுக்கத்தைத் தணிப்பார்கள்.

அறை வசதி இல்லாதவர்களுக்கு நிழலே துணை. பலகைகளுக்கு இடையே குச்சி வைத்து அடுக்கி, ஈரம் வேகமாக ஓடும் இரு முனைகளிலும் வர்ணம் பூசி, பல மாதம் பொறுக்க வேண்டும். சித்திரை வெயிலில் நேராகப் போட்டால் மரம் பாழ்.

இடிக்கப்படும் வீடுகளின் கதவுகளும் நிலைகளும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்கு வருகின்றன. அவற்றைத் தேடி வாங்கிப் புது வீட்டில் பொருத்துகிறவர்கள் உண்டு. வேலைப்பாட்டின் அழகோடு, நன்றாகக் காய்ந்த மரமும் அவர்களுக்குக் கிடைக்கிறது. புது மரம் வாங்குகிறவர்கள், 'என்ன விலை?' என்பதோடு 'எப்படிக் காயவைத்தீர்கள்?' என்றும் ஒரு வார்த்தை கேட்பது நல்லது.